பஞ்சு தெரிகிறது, ஊசி தெரியவில்லை

தொழுநோய்ப் பிரிவை மூடி, பொதுச் சுகாதாரத்தோடு சேர்த்துப் பல வருடங்கள் ஆகின்றன. பழைய ஊழியர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். இப்போது பணியில் இருக்கும் சுகாதார ஆய்வாளர்கள் இருவர் உச்சிப்புளியில் என் வீட்டுக்கு வந்து, "எப்படி ஒழிச்சீங்கன்னு எழுதித் தாங்க சார்" என்றார்கள். எப்படி ஒழித்தோம் என்பதற்கு அரசாங்கத்திடம் அறிக்கைகள் இருக்கின்றன. நான் எழுதப்போவது ஒரே ஒரு நோயாளி அட்டையைப் பற்றி. அதை நிரப்பியவன் நான். அதில் ஒரு சொல் பொய். ஒரு பெண்ணின் பெயரோடு நான் ஒட்டிய அந்தச் சொல்லை எடுக்க முடியுமா என்று ஓய்வு பெற்ற பிறகு அலைந்தேன். என்ன ஆயிற்று என்பதைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் இரண்டு வருடம் ராமநாதபுரத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். விபத்து, புயல் எச்சரிக்கை, கோயில் திருவிழா. மதுரையிலிருந்து செய்தி ஆசிரியர் டிரங்கால் போட்டுத் திட்டுவார். "நீ என்ன பாத்தியோ அத எழுது. என்ன நெனச்சியோ அத ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு." அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். 1974இல் அரசு வேலை கிடைத்து, ஆறு மாதம் பயிற்சி முடித்து, தொழுநோய் ஆய்வாளனாகச் சைக்கிளில் ஏறிய பிறகும் நோட்டை விடவில்லை.

எங்கள் வேலை கண்ணாலும் விரலாலும் செய்வது. பள்ளிக்கூடத்துக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயில் நேராக விழுந்தால் தோலில் மங்கிய படை கண்ணுக்குத் தப்பிவிடும். பிள்ளைகளைச் சாய்வெயிலில் வரிசையாக நிறுத்தி முதுகு, கை, கன்னம் பார்ப்போம். முழங்கையின் உள்பக்கம், கழுத்தின் பக்கவாட்டு, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் என்று நரம்பை விரலால் உருட்டிப் பார்ப்போம். தடித்திருந்தால் சந்தேகம். பிறகு பஞ்சு. நுனியைத் திரி மாதிரி முறுக்கி, முதலில் கண்ணைத் திறந்திருக்கச் சொல்லித் தொட்டுக் காட்டுவோம். பிறகு கண்ணை மூடச் சொல்வோம். தொட்ட இடத்தைப் பிள்ளை ஒரு விரலால் காட்ட வேண்டும். அடுத்தது குண்டூசி. கூர்முனையையும் குண்டுமுனையையும் மாற்றி மாற்றி வைத்து எது எது என்று கேட்போம். கடைசியாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் தண்ணீர். தொழுநோய் நரம்பைப் பிடித்த இடத்தில் சூடு போகும், தொடுவது போகும், குத்துவது போகும்.

வரிசையில் நிற்கும் பிள்ளைகள் ஒரே மாதிரி இருக்க மாட்டார்கள். சிலர் ஊசி படும் முன்பே துள்ளுவார்கள். சிலர் பட்ட பிறகு நிதானமாகக் கையை இழுப்பார்கள். முன்னவனைக் கோழை என்றும் பின்னவனைச் சிங்கம் என்றும் வாத்தியார்கள் சொல்வார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். அதில் ஒரு தவறும் எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்பதை மண்டபம் பக்கம் ஒரு கடற்கரைக் குடியிருப்பில் பார்த்தேன். அண்ணன், தம்பி இருவரும் ஒரே படகில் போகிறவர்கள். ஒருநாள் அண்ணன் உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறியிருந்தது. அவர் அதை மறுபக்கம் தள்ளி வெளியே எடுத்து, குறட்டால் நுனியை நறுக்கிக்கொண்டே, வாடைக்காற்று எப்போது திரும்பும் என்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். தம்பிக்குத் தொழுநோய். முழங்கை நரம்பு வீங்கியிருந்தது. நான் விரலை வைத்ததும் அலறினார்.

என்னோடு வந்திருந்த மேற்பார்வையாளர் ஞானசேகரன் சார் சொன்னார்: "அண்ணனப் பாருய்யா. ஒரே வயித்துப் பொறப்பு. இவன் நடிக்கிறான்."

தம்பி அழுதுகொண்டே கேட்டார்: "என் வலிய எதுக்கு சார் எங்க அண்ணன் ஒடம்புல வச்சு அளக்குறீக?"

அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. நான்கு மாதத்தில் அந்தக் கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போயின. அதற்குப் பிறகு அவரால் வலை இழுக்க முடியவில்லை.

ஞானசேகரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கத்துகிறவர் இல்லை. வெள்ளை டெரிலின் சட்டை, காதில் சிவப்புப் பேனா. அட்டையைக் கண்ணுக்கு அருகில் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பார். காலியான கட்டத்தைப் பேனாவின் பின்முனையால் இரண்டு தட்டு தட்டி, "எழுதிக்கலாம்ல?" என்பார். கேள்வி மாதிரி இருக்கும், கேள்வி இல்லை. நோயாளி வீட்டு வாசலில் நின்று, தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது என்று அழகாகப் பேசுவார். ஆனால் எந்த நோயாளி வீட்டிலும் தண்ணீர் குடித்ததில்லை. சைக்கிளில் சொந்தப் பாட்டில் தொங்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைக் கமுதிப் பக்கம் மாற்றினார்கள். பங்குனி மாதம். கமுதிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு வரிசையில் முனீஸ்வரி நின்றாள். ஆறு வயது. வலது கையில் மூன்று விரல் நுனிகள் வெந்து ஆறிய தழும்பு. உள்ளங்காலில் புண். நாக்கின் நுனி இல்லை.

"அழவே மாட்டா சார்" என்றார் வாத்தியார். "பெரம்பு ஒடஞ்சாலும் சிரிப்பா. நெஞ்சழுத்தம்."

படை எதுவும் இல்லை. நரம்பு எதுவும் தடிக்கவில்லை. பஞ்சை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தொட்ட இடத்தையெல்லாம் பிசகாமல் காட்டினாள். தழும்பான விரலில்கூட. ஊசியை எடுத்தேன். குண்டுமுனையை வைத்தால், "தொட்டீக." கூர்முனையால் குத்தினால், அதற்கும் "தொட்டீக." இரத்தம் புள்ளியாக நின்றது. அவள் அதைத் துடைத்துவிட்டு அடுத்ததுக்குக் கையை நீட்டினாள். வெந்நீர்க் குழாய்க்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வித்தியாசம் சொல்லவில்லை. நோட்டில் எழுதினேன்: பஞ்சு தெரிகிறது. ஊசி தெரியவில்லை. உடம்பு முழுவதும்.

அன்று மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். களத்தில் மிளகாய் காய்ந்தது. முண்டு மிளகாய். அந்த நெடியில் என் கண்ணும் மூக்கும் ஒழுகின. முனீஸ்வரி மிளகாயைக் கையால் துழாவிக்கொண்டிருந்தவள், அதே கையால் கண்ணைக் கசக்கினாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எதுக்கு அழுகுறீக?" என்று கேட்டாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

அம்மா காளியம்மாள் பித்தளைச் செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். மகளுக்குக் கஞ்சி ஊற்றியபோது, கும்பாவில் தன் சுண்டுவிரலை விட்டு, சிறிது நேரம் வைத்திருந்து, பிறகுதான் கொடுத்தார்.

"சூடு தெரியாதுங்க. பொறந்ததுலருந்து இப்பிடித்தான். தடுப்பூசி போட்டப்ப சிரிச்சா. பல்லு மொளச்சப்ப நாக்கக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம், இவ விளாடிக்கிட்டு இருக்கா. கருவாடு கருகுனாலும் வாடை தெரியாது." பிறகு சொன்னார்: "எம் மாமனத்தான் கட்டியிருக்கேன். எங்க ஆத்தாவோட தம்பி. எங்க ரெண்டு பேருக்கும் எல்லா வலியும் நல்லாத் தெரியும் சார்."

இதையும் எழுதிக்கொண்டேன். தொழுநோய் பிறக்கும்போதே வராது. கண்ணிலும் நாக்கிலும் வலியை எடுத்துவிட்டுத் தோலில் பஞ்சை விட்டுவைக்காது. எனக்கு இது தெரியும். இவளுக்கு இருப்பது என்ன என்று தெரியாது. அவ்வளவுதான்.

மறுநாள் ஞானசேகரன் சார் வந்தார். மாதக் கடைசி. புதிய நோயாளிகள் இலக்கில் குறைந்தது. பள்ளி வராந்தாவில் உட்கார்ந்து அட்டையை வாங்கிப் பார்த்தார். தொடு உணர்வு என்ற கட்டம் காலியாக இருந்தது. இரண்டு தட்டு.

"உணர்ச்சி இல்ல. கால்ல புண்ணு. வெரலு கருகியிருக்கு. வேற என்னய்யா வேணும் ஒனக்கு?"

"பஞ்சு தெரியுது சார்."

"சின்னப் புள்ள, குத்துமதிப்பாக் காட்டும்."

"கண்ணுல மொளகாயத் தேச்சிருச்சு சார். ஒண்ணும் ஆகல."

"நம்ம அட்டையில கண்ணு, மொளகான்னு கட்டம் இருக்கா?"

"டாக்டர் பாக்கட்டும் சார்."

"டாக்டர் எடம் எத்தன மாசமாக் காலி? வேற வியாதியா இருந்தாலும் இந்த மாத்திர ஒண்ணும் செஞ்சிறாது. நோயா இருந்து நீ விட்டுட்டா அந்தப் புள்ள கையி போயிரும். அந்த மண்டபத்துக்காரன் கையி மாதிரி." அதை அவரே சொன்னார். பிறகு மெதுவாக, "எழுதிக்கலாம்ல?"

யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. 'இல்லை' என்று எழுதினேன். நோட்டில் இருந்தது ஒன்று, அட்டையில் போனது ஒன்று. காதுமடலைக் கிள்ளி இரத்தம் ஓடாமல் பிடித்து, பிளேடால் கீறித் தோல்சாறு எடுத்தபோது, முனீஸ்வரி கண்ணை ஓட்டிப் பிளேடைப் பார்க்க முயன்றாள். "என்ன எடுக்குறீக? எனக்குக் காட்டுங்க." சாறில் கிருமி இல்லை. அதற்கும் அட்டையில் வழி இருந்தது: கிருமி தென்படாத வகை.

நோயின் பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை என் சைக்கிள் எந்த வீட்டு முன்னால் நிற்கிறதோ அந்த வீட்டில் பெருவியாதி என்று ஊருக்குத் தெரியும். இரண்டாவது மாதம் முனீஸ்வரி வகுப்பு வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். நான்காவது மாதம் பள்ளியில் இல்லை. வாத்தியாரிடம் ஒட்டாது என்று பேசினேன். அவர் கேட்டுக்கொண்டார். "நீங்க வாங்கிக் குடிப்பீகளா சார் அவுக வீட்டுல?" என்றார். அந்த மாதம்தான் காளியம்மாள் மோர் கொண்டுவந்தபோது, "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லியிருந்தேன். அவர் செம்பைத் திருப்பி எடுத்துப் போனார். அதற்கு மேல் என்றும் கொண்டுவரவில்லை.

"சார்" என்றார் காளியம்மாள் ஒருமுறை. "சைக்கிள ஊருக்கு வெளிய நிப்பாட்டிட்டு நடந்து வாங்க."

அப்படியே செய்தேன். தாமதமாக.

பிள்ளைகளுக்கு அவள் விளையாட்டுப் பொருளானாள். பின்னால் வந்து கருவேல முள்ளால் குத்துவார்கள். திரும்பிப் பார்க்கிறாளா என்று பந்தயம். முதலில் அவளும் சேர்ந்து சிரித்தாள். எட்டு வயதில் சிரிப்பை நிறுத்தினாள். ஒருநாள் புண்ணுக்கு மருந்து கட்டும்போது முதுகில் சட்டை ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். உள்ளே மூன்று முட்கள் முறிந்து கிடந்தன. இடுக்கியால் எடுத்தேன். அவள் திரும்பாமல் கேட்டாள்: "எத்தன?"

சில வருடம் மாத்திரை தின்றாள். புதிய கூட்டுமருந்து வந்தபோது பழைய அட்டைகளை முடித்து வைத்தார்கள். அவள் அட்டையில் சிவப்புப் பேனாவால், 'சிகிச்சை முடிந்தது, குணமானவர்.' ஞானசேகரன் சார் ஓய்வு பெற்ற விழாவில், அவர் காலத்தில் குணமானவர்களின் எண்ணிக்கையை வாசித்துக் கைதட்டினார்கள். அதில் முனீஸ்வரியும் ஒன்று. நானும் தட்டினேன். அவளை நயினார்கோவிலில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், அங்கே விஷயம் தெரியாததால் பள்ளியில் சேர்ந்துவிட்டாள் என்றும் கேள்விப்பட்டு, நல்லது என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

2010 தொடக்கத்தில் காளியம்மாள் என் வீட்டைத் தேடி வந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. முனீஸ்வரி பத்தாவது தேறி, ஊருக்குத் திரும்பி, அங்கன்வாடி வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். நேர்காணலும் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து சிலர், நோய்க்காரி கையால் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறா என்று எழுதிப்போட, நிறுத்தி வைத்துவிட்டார்கள். இடையில் இடுப்பு மூட்டு தேய்ந்து மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே ஒரு டாக்டரம்மா இது தொழுநோயே இல்லை என்று சொல்லி, பழைய ஆய்வு விவரம் கேட்டிருக்கிறார்.

அந்தப் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு முனீஸ்வரியோடு மதுரைக்குப் போனேன். டாக்டர் நான் எழுதியிருந்த பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் சரியாப் பாத்திருக்கீங்களே" என்றார். அது பாராட்டு இல்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புக்கு ஒரு கதவு உண்டு. அதைச் செய்யும் மரபணு முனீஸ்வரிக்குப் பிறப்பிலேயே பழுது. கதவு திறப்பதில்லை. தொடுவது வேறு நரம்பில் போகிறது. அதனால் பஞ்சு தெரிகிறது. மூக்குக்கும் அதே கதவு வேண்டும். அதனால் வாசனை இல்லை. அப்பாவிடமும் அம்மாவிடமும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருந்திருக்கின்றன. நல்லது ஒன்று இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பழுது இரண்டும் மகளிடம் சேர்ந்துவிட்டன. வேறு சிலருக்கு அதே கதவு சரியாக மூடாது. காரணமே இல்லாமல் உடம்பு எரியும். "நமக்குள்ளயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு சார். கூடப் பிறந்தவங்களுக்குள்ளயும்தான். பிறப்பு பாதி, பட்ட கஷ்டம் பாதின்னு வச்சுக்கங்க. அது தைரியமும் இல்ல, நடிப்பும் இல்ல." மண்டபத்துத் தம்பியின் கை என் கண்முன் வந்தது.

முனீஸ்வரியின் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருந்தது. நாடி எண் திரையில் ஓடியது. டாக்டர் அவள் கையில் ஊசி குத்தினார். எழுபத்துநான்கு, அப்படியே நின்றது. பிறகு சாதாரணமாக, "ஊர்ல ஸ்கூல் எது வரைக்கும் போனீங்க?" என்று கேட்டார். முனீஸ்வரி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "ஒண்ணாப்பு" என்றாள். எண் எண்பதைத் தாண்டியது, தொண்ணூறைத் தாண்டியது. நூற்றெட்டில் டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வலி தெரியலைன்னா பயம் தெரியாதுன்னு நெனச்சிருப்பீங்க" என்றார் என்னிடம். "அது வேற கணக்கு."

டாக்டரின் கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போனேன். பொறுப்பில் இருந்தவர் மரியாதையாக நாற்காலி போட்டார். பழைய பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "குணமானவர்னு இருக்கே சார். அந்தச் சான்று இப்பவே தரேன்" என்றார்.

"வந்ததே இல்லைன்னு வேணும்."

"அதுக்கு ஃபாரம் இல்ல சார். குணமானவருக்கு இருக்கு. இறந்தவருக்கு இருக்கு. ஊரைவிட்டுப் போனவருக்கு இருக்கு." அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தேடிப் பார்த்தார்.

முனீஸ்வரியிடம் சொன்னேன். அவள் சொன்னாள்: "ஊரு முன்னாடிதானே சார் எழுதுனீக. ஊரு முன்னாடியே அழிங்க."

மே முதல் தேதி கிராமசபைக் கூட்டம், அதே பள்ளி வளாகத்தில். தலைவரிடம் அனுமதி வாங்கி எழுந்தேன். அட்டையில் எழுதியது தவறு என்றும், தெரிந்தே எழுதினேன் என்றும் சொன்னேன். பிறகு பஞ்சை முறுக்கினேன். முனீஸ்வரி ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். மணிக்கட்டு இரண்டும், முழங்கை இரண்டும், கழுத்து, கன்னம், புண்ணில் இரண்டு விரல் போன கால். ஏழு இடம் தொட்டேன். ஏழையும் காட்டினாள்.

பின்னாலிருந்து ஒருவர், "ஊசியும் குத்திக் காட்டுங்க சார், அப்பத்தான தெரியும்" என்றார். அவள் வயதுதான் இருக்கும்.

முனீஸ்வரி கண்ணைத் திறந்தாள். "ஊசி வேணாம். அத நீங்கள்லாம் சின்னதுலயே குத்திப் பாத்துட்டீக."

யாரோ சிரித்தார்கள். உடனே அடங்கியது. இன்னொருவர், "பொறப்புலயே ரத்தத்துல இருக்குங்கிறாரே, அப்ப இவ தம்பிக்குப் பொண்ணு குடுத்தவுக என்ன செய்வாக?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். எல்லோருக்கும் கேட்டது. ஊராட்சி எழுத்தர் பேனாவைப் பிடித்தபடி, "தீர்மானப் புத்தகத்துல என்னன்னு சார் எழுதட்டும்?" என்றார். சொன்னேன்: 'முனீஸ்வரிக்குத் தொடு உணர்வு உள்ளது. அவருக்குத் தொழுநோய் ஒருபோதும் இருந்ததில்லை.' அவர் எழுதினார். தலைவர் கையெழுத்துப் போட்டார்.

வேலை வேறொருவருக்குப் போய்விட்டது என்று இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்ததாம். எனக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் டீ கொடுத்தார்கள். தட்டு எல்லோரையும் சுற்றி வந்து, கடைசியில் முனீஸ்வரியிடம் நின்றது. காளியம்மாள் முந்திக்கொண்டு அவளுடைய டீயை வாங்கினார். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். சூடு அதிகம்போல, உதட்டைக் கடித்துக்கொண்டு விரலை எடுத்து, ஆறும்வரை கையிலேயே வைத்திருந்து பிறகு மகளிடம் கொடுத்தார். அது காகிதக் கப். மற்ற எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர். என் கையில் இருந்ததும் கண்ணாடி டம்ளர்தான். அதை நான் குடித்து முடித்த பிறகுதான் கவனித்தேன்.